திரையை அணைத்ததும் தெரிந்த தவறுகள்

நான் செய்த இணையப் பதிவுப் படிவத்தைப் பார்வையற்ற நண்பர் ஒருவர் நிரப்பிப் பார்த்துவிட்டு, "அனுப்புற பட்டனே இல்லையே?" என்று கேட்டார். என் கண்ணுக்கு அது பளிச்சென்று தெரிந்தது. சரி, அவர் வழியிலேயே பார்ப்போம் என்று, திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும், இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ (NVDA) திரைவாசிப்பானை நிறுவினேன். திரையை அணைத்து, மவுஸைத் தள்ளிவைத்தேன்.

சீக்கிரமே புரிந்தது. பட்டன் என்று நான் வைத்திருந்தது வெறும் 'டிவ்' (div), அதாவது பக்கத்தில் ஒரு பகுதியை வகுக்கும் பொதுவான குறிச்சொல். நிறம் பூசி, கிளிக் மட்டும் சேர்த்திருந்தேன். டேப் விசை அதில் நிற்கவில்லை. பட்டன்களுக்குத் தாவும் 'பி' விசையும் அதைத் தாண்டிப் போனது. அசல் 'பட்டன்' குறிச்சொல்லுக்கு மாற்றியதும் என்டர், ஸ்பேஸ் இரண்டுமே தாமாக வேலை செய்தன.

அதிகம் படுத்தியது பிழைச்செய்திதான். தவறான பெட்டியைச் சுற்றிச் சிவப்பு விளிம்பு மட்டும் வந்தது. காதுக்கு எதுவும் எட்டவில்லை. செய்தியை எழுத்தாக்கி, மாறும் எழுத்தைத் திரைவாசிப்பான் தானாக வாசிப்பதற்கான 'ஏரியா-லைவ்' (aria-live) பகுதியில் போட்டேன். அப்போதும் மௌனம்! அந்தப் பகுதியையே செய்தியோடு சேர்த்துப் புதிதாக உருவாக்கியதுதான் காரணம். பக்கம் திறக்கும்போதே வெற்றுப் பகுதியை வைத்து, பிறகு அதற்குள் எழுத்தைச் சேர்த்ததும் வாசித்தது. எனக்கு அவ்வளவு நிம்மதி. அப்புறம் 'ஏரியா-டிஸ்க்ரைப்ட்பை' (aria-describedby) என்ற பண்பு மூலம் ஒவ்வொரு செய்தியையும் அதன் பெட்டியோடு இணைத்தேன். அனுப்பியவுடன் ஃபோகஸ் (விசைப்பலகை நிற்கும் இடம்) முதல் தவறான பெட்டிக்குப் போகும்படியும் செய்தேன்.

பிளேஸ்ஹோல்டரை (பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் குறிப்பை) நம்பி விட்டிருந்த இடங்களில் லேபிள், அதாவது பெட்டியின் பெயர், வைத்தேன்.

நண்பர் மறுபடி நிரப்பினார். தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் விட்டுப்போயிருந்தது. படிவமே அதைச் சொல்லி, அவரை அந்தப் பெட்டியிலேயே கொண்டுபோய் நிறுத்தியது.