காவிரிக் கரை வீட்டுக்கு மெத்தை வாங்குவது எப்படி? கட்டிலை அளப்பது முதல் கடைக்காரரிடம் நியாயம் கேட்பது வரை

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்து வீடுகளில் உப்பு ஜாடியில் நீர் கோத்திருக்கும், அப்பளம் நமுத்துப்போயிருக்கும். அதே ஈரத்தைப் படுக்கையறையில் சத்தமில்லாமல் குடித்துக்கொண்டிருப்பது மெத்தை. ஆறு மாதம் கழித்துச் சித்திரையில், மின்விசிறி அனல் காற்றைச் சுழற்றும் இரவுகளில், அதன் மீதே வியர்த்தபடி புரள்கிறோம். ஆகவே நம் ஊரில் மெத்தை வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது "எவ்வளவு மெத்தென்று இருக்கிறது?" என்பதல்ல, "இதற்குள் காற்று போய் வருமா?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "இதையெல்லாம் பில்லில் எழுதித் தருவீர்களா?" என்பது. இவ்விரண்டையும் கேட்காமல் கும்பகோணத்தில் ஒரு கடையில் நான் வாங்கிய மெத்தை எட்டே மாதத்தில் நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. அந்த அனுபவத்தில் கற்றவற்றை, முதன்முறையாக மெத்தை வாங்குபவர்களுக்காக வரிசைப்படி எழுதுகிறேன்.

படி 1: கட்டிலை அளந்துகொள்ளுங்கள்

கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் மெத்தைகள் பெரும்பாலும் 72, 75, 78 அங்குல நீளத்திலும், 36, 48, 60, 72 அங்குல அகலத்திலும் வருகின்றன. 78-க்கு 60 அங்குலத்தைக் குயின் என்றும், 78-க்கு 72 அங்குலத்தைக் கிங் என்றும் அழைக்கிறார்கள். தாத்தா காலத்துத் தேக்குக் கட்டில் இந்தக் கணக்குக்குள் அடங்குவது அபூர்வம், ஏனெனில் ஆசாரி அதை அந்த அறைக்கும் அந்தக் காலத்து மனிதர்களுக்கும் ஏற்பச் செய்திருப்பார். சட்டத்தின் உட்புறத்தைத் தலைமாடு, நடு, கால்மாடு என மூன்று இடங்களில் அளந்து, அவற்றுள் மிகக் குறைந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அளவு கொடுத்துச் செய்யச் சொல்லும் மெத்தையைப் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை என்பதால், இங்கே அரை அங்குலம் பிசகினாலும் நட்டம் நமக்கே.

கட்டிலின் அடிப்பகுதியையும் பாருங்கள். முழுப் பிளைவுட் பலகை போட்டிருந்தால் மெத்தையின் அடியில் தங்கும் ஈரம் வெளியேற வழியின்றிப் பூஞ்சை பிடிக்கும். தச்சரைக் கொண்டு பலகையில் சாண் இடைவெளிக்கு ஒரு துளை போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். மாறாக, சட்டங்களுக்கு நடுவே மிக அகன்ற இடைவெளி இருந்தால், மெத்தை அதனுள் இறங்கிவிடும். பிறகு வாரண்டி கேட்கும்போது "கட்டில் சரியில்லை" என்று கடைக்காரர் கைகழுவ அதுவே காரணமாகும். வாசல், ரேழி, மாடிப்படித் திருப்பம் ஆகியவற்றின் அகலத்தையும் அளந்து வையுங்கள். கிங் அளவு ஸ்பிரிங் மெத்தையை மடிக்க முடியாது என்பதைப் பலர் அது ரேழியில் சிக்கிக்கொண்ட பிறகுதான் அறிகிறார்கள்.

படி 2: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் பழைய மெத்தை இலவம் பஞ்சால் ஆனது. இலவம் இழை, உள்ளே காற்று நிறைந்த மெல்லிய குழல் போன்றது. அதன் மேல் இயற்கையான மெழுகுப் படலம் இருப்பதால் தண்ணீர் எளிதில் ஒட்டாது. ஒரு காலத்தில் உயிர்காப்பு மிதவை உடுப்புகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். வெக்கைக்கு இதைவிட இதமான படுக்கை இல்லை என்பது என் தனிப்பட்ட கருத்து. ஆனால் இலவம் பஞ்சு மெத்தை உழைப்பைக் கேட்கும்: மாதம் ஒருமுறையாவது மொட்டை மாடியில் வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துப் பஞ்சு அடித்துத் திரும்பத் தைக்க வேண்டும். வாங்கும்போது போடிநாயக்கனூர்ப் பஞ்சு என்று சொல்லிவிட்டுப் பழந்துணிக் கழிவுப் பஞ்சைக் கலந்து அடைப்பதும் உண்டு. தைப்பதற்கு முன் ஒரு சிட்டிகை எடுத்து டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நல்ல இலவம் பஞ்சு வெகுநேரம் மிதந்துகொண்டிருக்கும். கலப்படம் நனைந்து கனத்து இறங்கத் தொடங்கும்.

பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தென்னை நார் புதிதல்ல. நார் மெத்தையில் சுருட்டிய நாரின் மீது ரப்பர் பாலைத் தெளித்து, அழுத்திச் சூடேற்றிப் பலகை போல ஆக்குகிறார்கள். இந்த ரப்பர் நார்ப் பலகைக்கு ஐ.எஸ். 8391 என்ற இந்தியத் தர நிர்ணயம் உள்ளது. இழைகளுக்கு நடுவே காற்று தாராளமாக ஓடுவதால் டெல்டாவின் ஈரத்துக்கு இது நன்றாகவே ஈடுகொடுக்கும். இதன் குறை கெட்டித்தன்மை. வெறும் நார்ப் பலகை பலருக்குத் தோளிலும் இடுப்பிலும் உறுத்தும். நாரின் மேல் ஓரிரு அங்குல ஃபோம் வைத்துத் தைத்த மெத்தை நடுத்தரக் குடும்பத்துக்குப் பொருத்தமான முதல் தேர்வு.

ஃபோம் மெத்தையில்தான் ஏமாற்று அதிகம். ஃபோமின் தரத்தைக் கடைகளில் "டென்சிட்டி" என்ற எண்ணால் சொல்வார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை என்பதே அந்த எண். டென்சிட்டி கூடினால் ஃபோம் நாள்பட உழைக்கும். அது கெட்டியாகவும் இருக்கும் என்று பொருளில்லை. சொன்ன எண் உண்மையா என்பதை எடைபோட்டே கண்டுபிடிக்கலாம். 78-க்கு 60 அங்குலத்தில் 6 அங்குலக் கனமுள்ள மெத்தையின் கொள்ளளவு ஏறத்தாழ 0.46 கன மீட்டர். முழுவதும் 40 டென்சிட்டி ஃபோம் என்றால் உறையைச் சேர்க்காமலே 18 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். ஒரே ஆள் அலுங்காமல் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் துண்டு ஃபோம்களை ஒட்டிச் செய்யும் ரீபாண்டட் வகை இயல்பாகவே மிகக் கனமானது. ஆகவே எந்த அடுக்கு எத்தனை அங்குலம் என்று கேட்ட பிறகே எடைக் கணக்கைப் போட வேண்டும். உறையில் ஜிப் இருந்தால் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

மெமரி ஃபோம் உடலை அணைத்துப் பிடிக்கும். உடல் சூட்டையும் அப்படியே பிடித்து வைக்கும். குளிர்சாதனம் இல்லாத அறைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரப்பர் பாலில் செய்யும் இயற்கை லேடெக்ஸ் அருமையானது, ஆனால் விலையும் எடையும் மிகுதி. ஸ்பிரிங் மெத்தையில் காற்றோட்டம் நன்று. இருவர் படுத்தால், ஒவ்வொரு சுருளும் தனிப் பையில் இருக்கும் பாக்கெட் வகையையே வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒருவர் புரளும்போதெல்லாம் மற்றவர் விழித்துக்கொள்வார்.

படி 3: கடையில் படுத்துப் பாருங்கள்

கையால் அழுத்திப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் எப்படிப் படுப்பீர்களோ அப்படியே பத்து நிமிடமாவது படுங்கள். கூச்சப்பட வேண்டாம், காசு கொடுப்பவர் நீங்கள். மல்லாந்து படுத்து இடுப்பின் அடியில் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை உங்களுக்குக் கெட்டி. நுழையவே மறுத்தால் மிகவும் மெத்து. ஒருக்களித்துப் படுக்கும்போது தோள் சற்று அமிழ்ந்து முதுகெலும்பு நேர்கோட்டில் இருக்க வேண்டும். இதை உடன் வந்தவரைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். கணவன், மனைவி இருவருக்கும் எடை வேறுபாடு அதிகம் என்றால் இருவரும் சேர்ந்தே படுத்துப் பார்ப்பது அவசியம்.

முதுகுவலிக்காரர்கள் கல் போன்ற மெத்தையில்தான் படுக்க வேண்டும் என்பது நம் வீட்டுப் பெரியவர்களின் உறுதியான நம்பிக்கை. 2003-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வில், நாள்பட்ட இடுப்பு வலியுள்ள 313 பேரைப் பிரித்து 90 நாள் கெட்டியான மெத்தையிலும் நடுத்தரக் கெட்டி மெத்தையிலும் படுக்க வைத்தபோது, நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்தது. ஆகவே "ஆர்த்தோ" என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறது என்பதற்காக மட்டும் பலகை போன்ற மெத்தைக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

படி 4: பணம் கொடுக்குமுன் எழுதி வாங்குங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான். "பத்து வருஷம் வாரண்டி சார், கவலையே படாதீங்க" என்று கடைக்காரர் சொன்ன சொல் இனித்தது. வெள்ளைத் தாளில் "மெத்தை 1" என்று மட்டும் எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பில்லில் நிறுவனத்தின் பெயர், மாடல், நீள அகலக் கனம், அடுக்குகளின் விவரம், டென்சிட்டி, வாங்கிய தேதி, டெலிவரி தேதி, வண்டிக் கூலி யாருடையது என்பவை அனைத்தும் இருக்க வேண்டும். வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் விழவேண்டும்.

வாரண்டி அட்டையைக் கடையிலேயே உட்கார்ந்து படியுங்கள். எத்தனை அங்குலத்துக்கு மேல் பள்ளம் விழுந்தால் குறை என்று ஏற்பார்கள் என்பது அதில் இருக்கும். பல நிறுவனங்கள் ஓர் அங்குலத்துக்குக் குறைவானதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல மாற்று மெத்தையின் விலையில் ஒரு பங்கை நாமே கட்ட வேண்டும் என்ற விதியும், கறை பட்டால் வாரண்டி செல்லாது என்ற விதியும் சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கும். கறை விதி ஒன்றுக்காகவே, குழந்தை உள்ள வீட்டில் நீர் புகாத மேலுறையை முதல் நாளே போட்டுவிட வேண்டும்.

இணையத்தில் வாங்குபவர்கள் "100 இரவு படுத்துப் பாருங்கள்" என்ற வாக்குறுதியை நம்புமுன், திருப்பி எடுக்கும் வசதி தங்கள் பின்கோடுக்கு உண்டா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைச் சேமித்துக்கொள்ள வேண்டும். திருச்சிக்கு வரும் வண்டி வேதாரண்யத்துக்கும் வரும் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

படி 5: மெத்தை வந்து இறங்கும் நாள்

பொதியைப் பிரிக்கும்போது செல்பேசியில் காணொளி எடுங்கள். வண்டிக்காரர் போவதற்குள் அளந்து பாருங்கள். சுருட்டி வரும் ஃபோம் மெத்தை முழுமையாக விரிய ஓரிரு நாள் பிடிக்கும். அதன் ரசாயன வாடை, சன்னலைத் திறந்து வைத்தால் சில நாளில் அடங்கிவிடும். ஒட்டியுள்ள லேபிளைக் கிழித்துவிடாதீர்கள்.

படி 6: குறை தெரிந்தால் செய்ய வேண்டியவை

பள்ளத்தை அளக்க, மெத்தையின் குறுக்கே நேரான ஒரு பிரம்பையோ கயிற்றையோ இழுத்துப் பிடித்து, பள்ளத்தின் அடியிலிருந்து அதுவரை அடிக்கோலை நிறுத்துங்கள். அங்குல எண் தெரியுமாறு, நாளிதழ் ஒன்றைப் பக்கத்தில் வைத்துத் தேதியோடு படம் எடுங்கள். கட்டிலின் அடிப்பகுதியையும் படம் எடுத்தால், கட்டில்மீது பழிபோட இடமிருக்காது.

முதலில் கடைக்காரரிடம் நேரில் சொல்லுங்கள். டெல்டாச் சிற்றூர்க் கடைகளில் பாதிச் சிக்கல் முகம் பார்த்துப் பேசினாலே தீர்ந்துவிடும். தீராவிட்டால், வாங்கிய தேதி, குறை, நீங்கள் கேட்பது மாற்றா, பழுதுநீக்கமா, பணமா என்பதைத் தெளிவாக எழுதி, 15 நாள் கெடு வைத்து, கடைக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் பதிவு வசதியுடன் விரைவுத் தபால் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வாங்கி வையுங்கள். இணைய விற்பனையாளர் என்றால், 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று சுவரில் தொங்கும் பலகையைக் கண்டு பின்வாங்காதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படிக் காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறைகள். ஆனால் மனம் மாறி நிறம் பிடிக்கவில்லை என்று கேட்பதற்கு இது பொருந்தாது.

அடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐத் தமிழிலேயே அழைக்கலாம். அவர்கள் நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் பெற முயல்வார்கள். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. மெத்தை வாங்கியது சென்னையில் என்றாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். குறை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தும் தாக்கல் செய்யலாம்.

என் விவகாரம் ஆணையம் வரை போகவில்லை. துண்டுச் சீட்டுக் கொடுத்த கடைக்காரர் முதலில் "எங்க கடையில வாங்குனதுதானான்னு தெரியலையே" என்றார். நல்லவேளையாக யு.பி.ஐ. வழியில் பணம் கட்டியிருந்ததால், கடையின் பெயரோடு தேதியும் தொகையும் செல்பேசியில் இருந்தன. அதை அச்செடுத்து இணைத்த பதிவுத் தபால் போன பன்னிரண்டாம் நாள், நிறுவனத்தின் ஆள் வீட்டுக்கு வந்து நூல் பிடித்து அளந்தார். ஒன்றரை அங்குலம் காட்டியது. மூன்று வாரத்தில் வேறு மெத்தை வந்தது. வந்த வண்டிக்கும் பழையதை ஏற்றிப்போன வண்டிக்குமாகக் கூலி 900 ரூபாயை நான்தான் கொடுத்தேன், ஏனென்றால் அது யாருடைய செலவு என்று எந்தத் தாளிலும் எழுதி வாங்கியிருக்கவில்லை.