மாதக்கணக்கில் ஊர் சுற்றக் கிளம்புகிறீர்களா? எந்த ஷூவை எடுத்துப் போவது

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பழைய வட ஆற்காடு முழுக்கத் தோலும் ஷூவும்தான். வேலூரில் எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் ஷூ கம்பெனியில் வேலை பார்த்த சொந்தக்காரர் ஒருவராவது இருப்பார். எங்கள் வீட்டில் பெரியப்பா. ஷூவை எடுத்துக் கொடுத்தால் மேலே பார்க்கவே மாட்டார், கவிழ்த்துப் போட்டுத்தான் பார்ப்பார். "தோல் நல்லா இருக்கான்னு எல்லாரும் பாப்பாங்க. அடி எப்படி நிக்குதுன்னு ஒருத்தனும் பாக்க மாட்டான்" என்பார். இந்தப் பதிவில் நான் சொல்லப்போவதில் பாதி அதுதான்.

இரண்டு நாள் கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு இது தேவையில்லை. ஒரே பையோடு காட்பாடியில் ரயிலேறி, கேரள மழை, வட இந்திய வெயில், இமாச்சலக் குளிர் என்று மாதக்கணக்கில் சுற்றுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

1. இரண்டு ஜோடி போதும்

மூடிய ஷூ ஒன்று, பின்பட்டி வைத்த சாண்டல் ஒன்று. அவ்வளவுதான். சாண்டலே குளியலறைக்கும் ஆகும், ஆற்றில் இறங்கவும் ஆகும், ஷூ நனைந்துவிட்டால் ஒரு நாள் முழுக்க நடக்கவும் ஆகும். ஹவாய் செருப்பைப் பையில் அடைக்காதீர்கள். அது கிடைக்காத ஊர் இந்தியாவில் இல்லை.

"போட்டோவுக்கு நல்லதாக ஒன்று" என்று மூன்றாவது ஜோடியை எடுக்கிறவர்கள் அதைச் சுமந்து பார்க்கட்டும். மலை ஏறுகிற தோல் பூட்ஸ் என்றால் ஜோடி ஒரு கிலோவைச் சுலபமாகத் தாண்டும்.

2. தோலா, துணியா?

நான் துணி வலை வைத்த ஷூ பக்கம். ஆம்பூர்க்காரர்கள் கோபிக்க வேண்டாம். நல்ல தோல் ஷூ வருடக்கணக்கில் உழைக்கும், குளிருக்கும் கல்லுக்கும் அதுதான் பாதுகாப்பு. ஆனால் ஒருமுறை முழுசாக நனைந்தால் காய நாள் கணக்காகும். அவசரப்பட்டு அடுப்பு பக்கம் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். தினமும் ஊர் மாறுகிறவருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. வலைத்துணி ஷூவை ராத்திரி காற்றாடிக்குக் கீழே வைத்தால் காலையில் பெரும்பாலும் போட்டுக்கொள்ளலாம்.

தண்ணீர் புகாத உள்ஜவ்வு வைத்த ஷூ (கோர்டெக்ஸ் மாதிரி) பற்றியும் ஒரு வார்த்தை. பனியிலும் குளிர் தூறலிலும் அது அருமை. நம் ஊர் மழையில் தண்ணீர் கணுக்கால் வழியாக மேலிருந்துதான் இறங்குகிறது. உள்ளே போனது வெளியே வராது. வேலூர் மே மாதத்தில் 40 டிகிரிக்கு மேல் காய்கிறபோது அதைப் போட்டால் கால் உள்ளேயே வெந்துவிடும். லடாக்தான் உங்கள் பயணத்தின் பெரும்பகுதி என்றால் மட்டும் வாங்குங்கள்.

3. அளவு பார்ப்பது

சாயங்காலம் போங்கள். பகலெல்லாம் நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், பயணத்திலும் அப்படித்தான் இருக்கப்போகிறது. பயணத்தில் போடப்போகும் சாக்ஸையே எடுத்துப் போங்கள். ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் நில்லுங்கள். கால் பக்கவாட்டில் வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கு இல்லை. விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். இரண்டு காலும் ஒரே அளவாக இருக்காது, பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும்.

அப்புறம் இறக்கம். கடையில் எல்லோரும் சமதளத்தில் நாலடி நடந்துவிட்டு "நல்லா இருக்கு" என்பார்கள். நகம் கறுப்பது ஏறும்போது அல்ல, இறங்கும்போது. கடைப் படிக்கட்டில் மேலிருந்து கீழே இரண்டு தரம் இறங்கிப் பாருங்கள். விரல் முன்னால் போய் இடித்தால் லேஸை மாற்றிக் கட்டிப் பாருங்கள். ஷூவின் மேல்மூலையில் யாருமே பயன்படுத்தாத ஒரு கூடுதல் ஓட்டை இருக்கும். லேஸை அதே பக்கத்தில் அந்த ஓட்டைக்குள் விட்டு இரண்டு பக்கமும் சின்ன வளையம் வையுங்கள். ஒரு பக்க லேஸை மறுபக்க வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் பின்னால் பிடித்துக்கொள்ளும். அப்படியும் இடித்தால் வேறு ஷூ பாருங்கள்.

4. அடியைப் பாருங்கள் (இதைத் தாண்டிப் போகாதீர்கள்)

பரணில் பெட்டியோடு பத்திரமாக வைத்திருந்த, அதிகம் போடாத ஷூவோடு ஏலகிரியில் சுவாமிமலை ஏறினேன். ஏறும்வரை பிரச்சினை இல்லை. இறங்கும்போது குதிகால் பக்கம் டீயில் நனைத்த பொறை மாதிரி உதிர ஆரம்பித்தது. மேல்பாகம் புத்தம் புதுசு. அடி மட்டும் இல்லை. லேஸைக் கழற்றி ஷூவைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கீழே வந்து சேர்ந்தேன்.

பெரியப்பாவிடம் காட்டியதும் சிரித்தார். "பி.யு. சோல். வச்சிருந்தாலே போயிடும்."

விஷயம் இதுதான். தரையில் படும் ரப்பருக்கும் காலுக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு அடுக்கு இருக்கும். அது பெரும்பாலும் இரண்டு வகை: பாலியூரித்தேன், சுருக்கமாக பி.யு.; இன்னொன்று ஈ.வி.ஏ. பி.யு. நன்றாக உழைக்கும், சீக்கிரம் அமுங்காது. ஆனால் காற்றிலிருக்கும் ஈரப்பதம் அதன் மூலக்கூறுகளை மெதுவாக உடைத்துக்கொண்டே இருக்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் வேகம் கூடும். நம் வீட்டுப் பரணில் இரண்டுமே தாராளம். போடாமல் வைத்தால் மிச்சமாகும் என்ற நம் கணக்கு இங்கே செல்லாது, சில வருடங்களில் அதுவாகவே பொடியாகும். ஈ.வி.ஏ. இப்படி உதிராது. ஆனால் நடக்க நடக்க அமுங்கி, துள்ளல் போய், கட்டைமேல் நடப்பது போலாகிவிடும்.

பழைய ஷூவை எடுத்துப் போவதாக இருந்தால் கிளம்புவதற்கு முன் நடு அடுக்கை நகத்தால் அழுத்திப் பாருங்கள். மாவு மாதிரி ஒட்டினாலோ, பிசுபிசுத்தாலோ, ஷூவை வளைக்கும்போது பக்கவாட்டில் மெல்லிய விரிசல் ஓடினாலோ அது வீட்டோடு இருக்கட்டும். வெளிப்பார்வைக்கு எதுவும் தெரியாமலும் இருக்கலாம். அதனால் கிளம்புவதற்கு முன் பையைச் சுமந்துகொண்டு நாலைந்து நீண்ட நடை நடந்தே ஆக வேண்டும்.

புதிதாக வாங்கினாலும் பெட்டியின் ஒட்டுச்சீட்டைப் பாருங்கள். விலைக்குப் பக்கத்திலேயே தயாரித்த மாதமும் வருடமும் அச்சிட்டிருப்பார்கள். பாதி விலைத் தள்ளுபடியில் கிடைக்கும் ஷூ கிடங்கில் வருடக்கணக்கில் கிடந்ததாக இருக்கலாம். நான் இப்போது விலையைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தேதியைத்தான் பார்க்கிறேன்.

அடுத்தது பசை. இன்றைய நடை ஷூக்களில் பெரும்பாலானவை பசையில்தான் நிற்கின்றன. சோலின் விளிம்பு ரப்பர் மேலே ஏறி ஒரு கரை மாதிரி இருந்தால், பஸ் ஸ்டாண்ட் பக்கம் உட்கார்ந்திருக்கும் செருப்பு தைக்கிற அண்ணனிடம் சுற்றி ஒரு தையல் போட்டுக்கொள்ளுங்கள். நைலான் நூலாகக் கேளுங்கள், பருத்தி நூல் மழையில் இற்றுப்போகும். விளிம்பு வெறும் மெத்தையாக இருக்கும் ஓட்ட ஷூவில் தைக்கச் சொல்லாதீர்கள், நூல் மெத்தையை அறுத்துவிடும். தண்ணீர் புகாத ஷூவிலும் வேண்டாம், ஊசி ஓட்டை போட்டபின் அது தண்ணீர் புகும் ஷூ.

வழியில் பிரிந்தால் பெவிகுயிக் ஊற்றாதீர்கள். அது காய்ந்து கண்ணாடி மாதிரி கெட்டியாகும், நாலடி வளைந்ததும் உடையும். பெவிபாண்ட் மாதிரி ரப்பர் பசைதான் சரி. இரண்டு பக்கமும் மண் போகத் துடைத்து, மெல்லிசாகத் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காய விட்டு, பிறகு அழுத்திக் கயிறு கட்டி ராத்திரி முழுக்க வையுங்கள். காய்வதற்கு முன்னால் ஒட்டினால் மறுபடி பிரியும். ஒரு சின்ன டியூப் பையில் இருக்கட்டும்.

5. ஒத்திகை

முதலில் கோட்டை அகழி ஓரமாகக் காலை நடை. அது பழகிய பிறகு ஏலகிரியோ ஜவ்வாது மலையோ, இறக்கம் உள்ள இடம். காலில் எங்கே சூடு தெரிகிறதோ அங்கேதான் கொப்புளம் வரும். கொப்புளம் வரும்வரை காத்திருக்காமல் சூடு தெரிந்ததுமே அந்த இடத்தில் துணிப் பிளாஸ்திரி ஒட்டுங்கள்.

சாக்ஸ் மூன்று ஜோடி. சுத்தப் பருத்தி வேண்டாம், வியர்வையைக் குடித்துவிட்டு அப்படியே வைத்துக்கொள்ளும்.

6. ரயிலில்

கனமான ஜோடியைக் காலில் போட்டுக்கொண்டு ஏறுங்கள், பை அவ்வளவு இளைக்கும். ஆனால் ராத்திரி படுக்கும்போது ஷூவை சீட்டுக்குக் கீழே விடாதீர்கள். காலையில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஒரு பையில் கட்டித் தலைமாட்டில் வைத்துவிட்டு, சாண்டலைக் கீழே விடுங்கள்.

கோயில் சுற்றுகிறவர்களுக்கு லேஸ் பெரிய தொல்லை. ஸ்ரீபுரத்தில் ஒரு தரம், அமிர்தசரஸில் ஒரு தரம் என்றால் பரவாயில்லை. காஞ்சிபுரம், கும்பகோணம் என்று இறங்கினால் ஒரே நாளில் எத்தனை தரம் குனிவது? இழுபடும் எலாஸ்டிக் லேஸ் மாட்டுங்கள், அல்லது கோயில் நாட்களைச் சாண்டலுக்கு ஒதுக்குங்கள். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், அதை வெறுங்காலில் போகிறவர்கள் அன்று வேறு நடை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பின்சேர்க்கை: கேட்டவர்களுக்காக

"பெண்களுக்கான ஷூ எல்லாம் கடிக்கிறது" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். பெண்கள் ஷூ பொதுவாக அகலம் குறைவு. பாதம் அகலமாக இருந்தால் தயங்காமல் ஆண்கள் பிரிவில் பாருங்கள். நம் கடைகளில் இருக்கும் இங்கிலாந்து எண் இருவருக்கும் பெரும்பாலும் ஒன்றேதான். அமெரிக்க எண் மட்டும் ஆண், பெண் என்று மாறும். இணையத்தில் வாங்கினால் எண்ணை நம்பாமல், காகிதத்தில் காலை வைத்துக் கோடு போட்டு, சென்டிமீட்டரில் அளந்து அந்த நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

கால் 11, 12 அளவில் இருக்கிற தம்பி ஒருவர் வழியில் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். சின்ன ஊர்களில் அந்த அளவு சுலபத்தில் கிடைக்காது. நீங்கள் மட்டும் சாண்டலையும் நல்லதாகவே இங்கிருந்து எடுத்துப் போங்கள்.

நனைந்த ஷூ: இன்சோலை உருவித் தனியாகக் காய வையுங்கள். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஈரம் ஏறியதும் மாற்றிக்கொண்டே இருங்கள். முடி உலர்த்தும் கருவியைக் காட்டலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம், பசை இளகிவிடும்.