சிறுநீரகப் பரிசோதனைத் தாளை வாசிப்பது எப்படி?

நெல்லைச் சீமையில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டால், "அவுகளுக்கு உப்பு கூடிட்டாம்" என்பார்கள். அது சமையல் உப்பன்று; சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றாமல் இரத்தத்தில் தேங்கிவிட்ட யூரியா, கிரியேட்டினின் ஆகிய கழிவுகள். சிறுநீரில் புரதம் போவதையும் சிலர் உப்பு என்றே சொல்வதால், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியிலோ ஊர் ஆய்வகத்திலோ தாளை வாங்கியதும், கூடியிருப்பது எந்த உப்பு என்று கேட்டுத் தெளிய வேண்டும்.

முதலில் கிரியேட்டினினைப் பாருங்கள். தசையிலிருந்து உண்டாகும் கழிவு என்பதால், ஆளின் உடல்வாகுக்கேற்ப அதன் அளவும் மாறும். முக்கூடலில் பீடி சுற்றும் 65 வயதுப் பெண்மணிக்கும் அவருடைய 25 வயதுப் பேரனுக்கும் டெசிலிட்டருக்கு 1.2 மில்லிகிராம் என்றே வந்ததாக வைத்துக்கொள்வோம். பல தாள்களில் அது இயல்பின் மேல் எல்லைக்குள்தான் இருக்கும். ஆனால் வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர்., அதாவது வடிகட்டும் திறனின் மதிப்பீடு, பேரனுக்குச் சுமார் 86 என்றும் பாட்டிக்குச் சுமார் 50 என்றும் வரும். கிரியேட்டினினை மட்டும் பார்த்து நிம்மதியடைவது எனக்கு உடன்பாடில்லாதது இதனால்தான்.

இந்த எண் 60-க்குக் கீழே 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால், அது நாள்பட்ட சிறுநீரக நோய். 30 முதல் 59 வரை மூன்றாம் நிலை, 15 முதல் 29 வரை நான்காம் நிலை, 15-க்குக் கீழே ஐந்தாம் நிலை. ஐந்தாம் நிலை என்றதும் மறுநாளே டயாலிசிஸ் என்று பதற வேண்டியதில்லை. மூச்சிரைப்பு, குமட்டல், பொட்டாசியத்தின் அளவு எல்லாவற்றையும் பார்த்தே மருத்துவர் முடிவெடுப்பார். நீரிழப்பு, கடும் வயிற்றுப்போக்கு போன்றவற்றால் சில நாள்களில் திடீரென ஏறும் கிரியேட்டினின் வேறு வகை. அது பெரும்பாலும் மீளக்கூடியது, ஆனால் காத்திருக்கக் கூடாதது.

இ.ஜி.எஃப்.ஆர். நன்றாக இருந்தாலும், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போவதைக் காட்டும் அல்புமின்–கிரியேட்டினின் விகிதத்தையும் ஆண்டுக்கு ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். அது கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால், சிறுநீரகத்தின் வடிகட்டி கசியத் தொடங்கியிருக்கலாம். காய்ச்சலிலும் தற்காலிகமாகக் கூடும் என்பதால் மறுபடி பார்த்தே உறுதிசெய்வார்கள்.

மருத்துவரிடம் போகும்போது பழைய தாள்களோடு, முதுகுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. அவற்றைப் பற்றி நாமாகச் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.