பொங்கலுக்கு வீட்டைப் புதுப்பிப்பவர்கள் பெயின்ட் டப்பாவில் தொடங்க வேண்டாம்

மார்கழி பிறந்ததும் பெயின்ட் கடைகளில் கூட்டம் சேர்வது தமிழ்நாட்டில் வழக்கம்தான் என்றாலும், எமல்ஷன் பெயின்ட் அடிப்பதற்கு அது நல்ல மாதம் அன்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் நனைந்த செங்கற்சுவர், மேலே காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே ஈரத்தை வைத்துக்கொண்டே இருக்கும். அந்த ஈரம் வெளியேற வழியில்லாதபோது பெயின்டைக் கொப்புளமாகத் தள்ளும். கோடை வருவதற்குள் பூச்சு உரியத் தொடங்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் பழைய வழக்கம் செல்லுபடியானதற்குக் காரணம், சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை அடைக்காமல் வெளியே விடும் என்பதே. சுண்ணாம்பை விட்டு எமல்ஷனுக்கு மாறிய நாம் மாதத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

சந்தேகம் உள்ள சுவரில், ஏறத்தாழ ஒரு முழ அகலமுள்ள பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரங்களிலும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் சுவர்ப்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறைப்பக்கம் வியர்த்திருந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை. முதல் வகையானால் பெயின்டை மாசி, பங்குனிக்குத் தள்ளிவைத்து, ஈரம் வரும் வழியைத் தேடுவது நல்லது. மொட்டை மாடியில் மழைநீர் இறங்கும் குழாயின் வாயில் சருகு அடைத்திருக்கிறதா, சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தில் விரிசல் உண்டா, சுவரின் மறுபக்கம் குளியலறையா என்று பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். உப்புப் பூத்த இடத்தை ஈரத்துணியால் துடைக்காமல் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதிர்க்க வேண்டும். தண்ணீர் பட்டால் உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போகும்.

இன்றும் சுண்ணாம்பே அடித்து வரும் சுவர், திண்ணை, சுற்றுச்சுவர் ஆகியவற்றைப் பொங்கலுக்கே தாராளமாக வெள்ளையடிக்கலாம். ஏற்கெனவே எமல்ஷன் பூசிய சுவரில் மட்டும் சுண்ணாம்பு பிடிக்காது. கிளிஞ்சல் சுண்ணாம்பை இரும்பு அல்லது மண் பாத்திரத்தில் உள்ள தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். நீறும்போது கொதிக்குமளவுக்குச் சூடேறுவதால் பிளாஸ்டிக் வாளி இளகிவிடும். குழந்தைகளை அருகே விடாதீர்கள். கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் ஆபத்து என்பதால் கண்ணாடி அணிவது கட்டாயம். ஓர் இரவு ஊறவைத்துத் துணியில் வடிகட்டி, சிறிது நீலமும் பசையும் கலந்து, மோர்ப் பதத்திற்குக் கரைத்துக்கொள்ளுங்கள். சுவரை லேசாக நனைத்த பிறகே அடிக்க வேண்டும். ஈரமாக இருக்கையில் சுண்ணாம்பு கண்ணாடிபோலத் தெரிவதைக் கண்டு பலர் கெட்டியாகப் பூசிவிடுகிறார்கள்; அப்படிப் பூசியதுதான் சட்டையில் ஒட்டிக்கொண்டு உதிர்வது. நீர்க்க இரண்டு மூன்று முறை அடித்தால், காய்ந்தபின் வெண்மை தானே எழும்.

மற்ற வேலைகளுக்கு மழையும் வெயிலும் பொருட்டில்லை. சொட்டும் பழைய திருகுக் குழாய்க்குப் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரை மாற்றினால் போதும். அதற்கு முன் தொட்டியிலிருந்து வரும் வால்வை மூட மறக்காதீர்கள். குளியலறை டைல்ஸ் இடுக்குகள் கறுத்திருந்தால், உடைந்த ஹேக்சா பிளேடால் பழைய பூச்சைச் சுரண்டி, கழுவி, ஈரம் இருக்கும்போதே வெள்ளை சிமென்டைப் பசையாகக் குழைத்து அழுத்தி, மிஞ்சியதை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிட்டால் பழைய டைல்ஸே புதியதாகத் தெரியும். கறை போக்குவதற்காக ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்த்து ஊற்றாதீர்கள். அதிலிருந்து எழும் குளோரின் வாயு மூச்சை அடைக்கும். சிவப்பு ஆக்சைடு தரையிலும் ஆத்தங்குடிக் கல்லிலும் ஆசிட் படவே கூடாது, ஏனெனில் இரண்டும் சிமென்டால் ஆனவை. அவற்றை வெறும் தண்ணீரில் துடைத்து உலரவிட்டு, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் மெல்லத் தேய்த்தாலே பளபளப்பு திரும்பும்.

மழைக்கு உப்பி நிலையில் உரசும் மரக்கதவை மட்டும் உடனே இழைக்க வேண்டாம். வெயில் வந்தால் மரம் தானே சுருங்கும். இப்போதே இழைத்தால் கோடையில் இடுக்கு விழுந்து, கதவு காற்றில் ஆடும். உரசும் ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தும், கீல்களில் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டும் பொங்கலைக் கடத்திவிடலாம்.