வடகடலில் கால் வைக்கும் முன்

சிங்கப்பூரிலிருந்து பிள்ளைகளோடு ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடம் போனால், பெட்டியை இறக்கி வைக்கும் முன்பே அவர்கள் கேட்பது கடல்தான். அலையில்லாமல் குளம் போலக் கிடக்கும் வடகடலை, தீவின் வடபக்கக் கடலைப் பார்த்தால் யாருக்கும் இறங்கத் தோன்றும்.

போன விடுமுறையில் என் எட்டு வயது மகன் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தவன் திடீரென்று அலறினான். குதிகாலுக்கு மேலே சின்னதாக ஒரு கீறல். ரத்தம்கூட அதிகமில்லை, ஆனால் பிள்ளை வலியில் துடித்துப்போனான். மணலுக்குள் புதைந்து கிடந்த திருக்கை மீனை மிதித்திருக்கிறான். சித்தப்பா காயத்தைக் கடல் தண்ணீரிலேயே அலசி, அவனை வீட்டுக்குத் தூக்கிவந்து, சித்தியிடம் சுடுதண்ணீர் கேட்டார். வாளிக்குள் முதலில் தன் கையை விட்டுப் பார்த்தார். ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் கலந்து, மறுபடியும் கையை விட்டார். அப்புறம்தான் அவன் காலை உள்ளே வைத்தார். அரை மணி நேரத்தில் அழுகை அடங்கியது.

திருக்கையின் விஷம் புரதம், சூட்டில் செயலிழந்துவிடும். தண்ணீர் 45 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. கொட்டுப்பட்ட கால் மரத்திருந்தால் சூடு தெரியாமல் வெந்துவிடும், அதனால்தான் பெரியவர் கை முதலில் போக வேண்டும். அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை, ஆறினால் மாற்றி மாற்றி வையுங்கள். வலி போய்விட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். முள் துணுக்கு உள்ளே தங்கியிருக்கலாம். டிடி (டெட்டனஸ்) ஊசியும் தேவைப்படலாம். மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ முள் ஏறியிருந்தால் பிடுங்கவே கூடாது, உடனே 108 ஆம்புலன்ஸ். ஆழமில்லாத தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்தபடி நடந்தால் திருக்கை தானே விலகிவிடும். இதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே பழக்குங்கள்.

சொறி (ஜெல்லி மீன்) பட்டாலும் கடல் தண்ணீரால்தான் அலச வேண்டும். நல்ல தண்ணீர் ஊற்றினாலோ மணலைப் போட்டுத் தேய்த்தாலோ, தோலில் ஒட்டியிருக்கும் கொட்டாத கொடுக்குகளும் கொட்டிவிடும். மூச்சு வாங்கினால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கரையைவிட்டு ஊருக்குள் வந்தால் சீமைக் கருவேல முள். மெல்லிய ரப்பர் செருப்பை அது துளைத்துவிடும், கட்டிச் செருப்பு எடுத்துப் போங்கள். மேலாக ஏறிய முள்ளை, காலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் எடுக்கலாம். மூட்டருகே ஆழமாக முறிந்திருந்தால் நோண்டாதீர்கள்.

வயிற்றுப்போக்கில் ஒன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பல கிணறுகளிலும் போர்வெல்களிலும் தண்ணீர் உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரில் ஓஆர்எஸ் (உப்பு சர்க்கரைப் பொடி) கலக்கினால் உப்பு கூடிப்போகும், குழந்தைக்கு அது ஆபத்து. கேன் தண்ணீரையோ, காய்ச்சி ஆறவைத்த நல்ல தண்ணீரையோ எடுங்கள். பெரிய பாக்கெட் என்றால் முழுதும் ஒரு லிட்டரில். பாதிப் பாக்கெட், அரை டம்ளர் என்று கணக்குப் போடாதீர்கள். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கடையில் டப்பாவில் விற்கும் இனிப்புப் பானம் இதற்கு ஈடாகாது. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சோடியம் குறைவு. பிள்ளை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ, சிறுநீர் போகாமலிருந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ வீட்டு வைத்தியத்தை அத்தோடு நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காய்ச்சலுக்கு நீங்கள் கொண்டுபோகும் பனடாலும் பாட்டி கொடுக்கும் டோலோ 650உம் ஒரே மருந்து, பாராசிட்டமால். ஆளுக்கொன்று கொடுத்து இரட்டிப்பாக்கிவிடாதீர்கள். மழை மாதங்களில் டெங்குவும் இருக்கலாம், அதனால் ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வேண்டாம். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்காவிட்டால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி. அங்கே காசு கிடையாது. ஊர் திரும்பும் தேதி எதுவானாலும் எல்லாத் தவணையும் போட்டாக வேண்டும், அதனால் தடுப்பூசிச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அப்புறம் மீன் முள். சிங்கப்பூரில் முள்ளில்லாத மீனையே தின்று வளர்ந்த பிள்ளைக்கு இங்கே தொண்டையில் சிக்கினால், சோற்று உருண்டையை விழுங்கச் சொல்வார்கள். முள் இன்னும் ஆழமாக இறங்கிவிடும், கேட்காதீர்கள். இருமவிட்டுப் பாருங்கள், வரவில்லை என்றாலோ எச்சில் விழுங்கவே வலித்தாலோ டாக்டர்தான் எடுக்க வேண்டும். முதல் வாரம் சீலா மீன் துண்டாகவே போடச் சொல்லிச் சித்தியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சூடை மீன் அடுத்த வாரம் தின்னட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து முள் எடுத்துக் கொடுத்து.