கும்மி மெட்டுப் பாட்டுக்கு கொயர், ஆர்கன், பேண்டு சேர்ப்பது எப்படி

அறுப்பின் பண்டிகை நெருங்கினால் ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில் யாராவது ஒருவர் "இந்த வருஷம் நம்ம பாட்டை பேண்டோடு பாடலாமே" என்று ஆரம்பித்துவிடுவார். தாராளமாகப் பாடலாம், அருமையாக வரும். ஆனால் மெட்டு அசையக் கூடாது, மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பேப்பரை எடுப்பதற்கு முன்னால், பாட்டைச் சின்ன வயதிலிருந்து பாடிவரும் பெரியம்மா ஒருவரைப் பாடச் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். எடுப்பு, அதாவது பாட்டு தாளத்தில் தொடங்கும் இடம், எங்கே என்று கவனியுங்கள். தாளத்தின் முதல் அடியை விட்டு அரை இடம் தள்ளி எடுக்கிற பாட்டு நம்மிடம் நிறைய. ஸ்டாஃப் நொட்டேஷனில், அதாவது ஐந்து கோடு போட்ட மேற்கத்திய இசைக் குறிப்பில், எழுதும்போது அதை முதல் அடிக்கு இழுத்துவிட்டால் கும்மியின் துள்ளல் போய்விடும், குறில் எல்லாம் நெடிலாகி 'கிருபை' என்பது 'கீருபை' ஆகிவிடும். முன்னால் ஒரு ரெஸ்ட் (மௌனக் குறி) போட்டு எழுதுங்கள். ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரியும் திஸ்ர நடை என்றால் 6/8 தாளக் குறி சரியாக உட்காரும்.

ஸ்ருதியை இரண்டரைக் கட்டையில், அதாவது ஈ பிளாட்டில் வையுங்கள். மேல் ஸட்ஜம் வரை சபையார் சிரமப்படாமல் பாடுவார்கள். பி பிளாட் ட்ரம்பெட் எழுதியதைவிட ஒரு முழு ஸ்வரம் கீழே ஒலிக்கும், அதனால் ஒரு முழு ஸ்வரம் மேலே எழுத வேண்டும் என்பதால் அவர்கள் தாளில் அது எஃப் மேஜர், ஒரே ஒரு பிளாட். யூஃபோனியம் என்ற பெரிய பித்தளைக் குழல் வாசிப்பவர் எந்தக் கிளெஃப் (கோட்டின் தொடக்கத்தில் வரும் குறி) படிப்பார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஆள் மாறும்.

இனிதான் முக்கியமான இடம். பாட்டு மோகனம் என்று வைத்துக்கொள்வோம்: ஸ ரி க ப த, இந்த ஐந்துதான். பஞ்சமத்தில் வழக்கமான மேஜர் கார்டு, அதாவது மூன்று ஸ்வரம் சேர்ந்து ஒலிப்பது, போட்டால் பி பிளாட், டி, எஃப் வரும். அந்த டி நிஷாதம், மோகனத்தில் இல்லாதது. ஒரு தடவை ஒலித்தாலே ராகம் கலைந்து வேறு பாட்டு மாதிரி ஆகிவிடும். நடு ஸ்வரத்தை எடுத்துவிட்டு பி பிளாட்டும் எஃப்பும் மட்டும் வாசித்தால் போதும். ஸட்ஜத்தில் ஈ பிளாட் மேஜரும் தைவதத்தில் சி மைனரும் ராகத்துக்குள்ளேயே அடங்கும். இந்த மூன்றை வைத்தே முழுப் பாட்டையும் கொண்டுபோகலாம்.

ஆர்கன் மெட்டை வாசிக்க வேண்டாம். கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, வரும் இடத்தில் சோப்ரானோ (பெண்களின் மேல் குரல்) வளையும், கீ வளையாது, இரண்டும் சேர்ந்தால் பிசிறடிக்கும். கீழே ஸ–ப பிடித்து நின்றால் தம்புரா வேலையை ஆர்கனே செய்துவிடும். பல்லவி முதல் தடவை எல்லாரும் ஒரே குரலில். இரண்டாவது தடவை ஆல்டோ (பெண்களின் கீழ் குரல்), டெனர் (ஆண்களின் மேல் குரல்), பேஸ் (ஆண்களின் கீழ் குரல்) மூவரும் நீண்ட ஸ்வரங்களில் நிற்க, மெட்டு சோப்ரானோவிடமே இருக்கட்டும்.

பேண்டுக்கு முன்னிசை, சரணங்களுக்கு நடுவே இடையிசை, கடைசிப் பல்லவி. அவ்வளவுதான். பெரம்பூர் பக்கம் கல்யாணத்துக்கும் ஊர்வலத்துக்கும் வாசிக்கிற அண்ணன்மார் காது அபாரம். தாளைக் கொடுப்பதோடு மெட்டைப் பாடியும் காட்டுங்கள், கும்மியின் அசைவைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். ஆனால் தெருவில் வாசித்துப் பழகிய சத்தம் கோயிலுக்குள் சொற்களை மூடிவிடும், அதனால் ஒத்திகையில் கடைசி பெஞ்சில் ஒருவரை உட்காரவைத்து, சரணத்தின் சொல் புரிகிறதா என்று கேளுங்கள். நம் ஊர் வெக்கையில் பித்தளை வாத்தியங்கள் சூடாகி ஸ்ருதி மேலே ஏறும், எலக்ட்ரானிக் ஆர்கன் இருந்த இடத்திலேயே நிற்கும். ஆராதனைக்கு நடுவில், பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ஸ்ருதியைச் சரிசெய்யும் குழாயான ட்யூனிங் ஸ்லைடைச் சற்று வெளியே இழுத்துச் சரிபார்க்கச் சொல்லிவிடுங்கள்.