போனது எத்தனை, வந்தது எத்தனை: பாத்திர வாடகைக் கடையில் கற்ற எஸ்க்யூஎல்

என் மாமனார் கும்பகோணத்தில் பாத்திர வாடகைக் கடை நடத்துகிறார். அண்டா, குண்டான், இட்லிக் கொப்பரை, ஜமக்காளம், நாற்காலி, ஷாமியானா என்று முகூர்த்த நாளில் கோடவுன் காலியாகிவிடும். சாமான் போகும்போது ஒரு நீள நோட்டில் எழுதுவார், திரும்பி வந்ததும் அந்த வரியை அடிப்பார். நான் பி.காம். படித்தவள். அந்த நோட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. அப்படித்தான் எஸ்க்யூஎல் கற்றுக்கொண்டேன். கணக்குகளை டேபிள்களாக, அதாவது அட்டவணைகளாக, வைத்திருக்கும் டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி அது. கணக்கு தெரியும், புரோகிராம் எழுதத் தெரியாது என்பவர்கள் யாரும் இதைக் கற்கலாம். எனக்கு வந்த வழியிலேயே சொல்லித் தருகிறேன்.

முதலில் கம்ப்யூட்டரில் 'டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட்' என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். எஸ்க்யூலைட் என்பது சிறிய டேட்டாபேஸ். உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அது ஏற்கெனவே இருக்கிறது. மொத்தக் கணக்கும் ஒரே கோப்பில் அடங்கிவிடும், பென் டிரைவில் காப்பி எடுத்தால் போதும். டேபிள்களுக்கும் அவற்றின் பத்திகளுக்கும் (நெடுக்கு வரிசைகளுக்கும்) தமிழிலேயே பெயர் வைக்கலாம், அது ஏற்றுக்கொள்ளும். செலக்ட் (SELECT), ஃப்ரம் (FROM), வேர் (WHERE) போன்ற கட்டளைச் சொற்களை மட்டும் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். இங்கே அவற்றையும் காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன்.

நோட்டை அப்படியே ஒரே டேபிளாக அடித்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன், ஒரே வாரத்தில் சிக்கிக்கொண்டேன். எங்கள் நோட்டில் நாலு செந்தில். ஒருவர் செல்பேசி எண்ணை மாற்றினால் எந்தெந்த வரியில் திருத்துவது? அதனால் மூன்றாகப் பிரித்தேன். 'வாடிக்கையாளர்' டேபிளில் எண், பெயர், ஊர், செல்பேசி. 'பொருள்' டேபிளில் எண், பெயர், இருப்பு, நாள்_வாடகை. 'வாடகை' டேபிளில் எண், வாடிக்கையாளர்_எண், பொருள்_எண், எத்தனை, போன_தேதி, திரும்பிய_தேதி. ஒவ்வொரு செந்திலுக்கும் தனி எண் உண்டு. வாடகை டேபிளில் பெயர் இருக்காது, அந்த எண்தான் இருக்கும். ஒரு செய்தி ஒரே இடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை. செல்பேசி எண் மாறினால் ஒரு வரியைத் திருத்தினால் முடிந்தது.

தேதியை எப்போதும் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் '2024-02-11' என்று எழுதுங்கள். எஸ்க்யூலைட் இதை வெறும் எழுத்தாகவே வைத்துக்கொள்கிறது. நம் வழக்கப்படி '11-02-2024' என்று எழுதினால், எது முந்தைய தேதி என்று வரிசைப்படுத்தும்போது எல்லாம் கலந்துவிடும்.

சரி, இப்போது முதல் கேள்வி. எந்தெந்தப் பொருள் பத்துக்கும் குறைவாக இருக்கிறது?

செலக்ட் பெயர், இருப்பு
ஃப்ரம் பொருள்
வேர் இருப்பு < 10;

இதை முதலில் பார்த்தபோது எனக்கு எதுவும் மனதில் நிற்கவில்லை. பிறகு கேள்வியைத் தமிழில் எழுதிப் பார்த்தேன்: "பொருள் டேபிளிலிருந்து, இருப்பு பத்துக்குக் குறைவாக உள்ளவற்றின், பெயரையும் இருப்பையும் கொடு." நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. டேட்டாபேஸ் இந்தக் கேள்வியைப் புரிந்துகொள்வதும் இதே வரிசையில்தான்! முதலில் ஃப்ரம், எந்த டேபிள் என்று பார்க்கிறது. அப்புறம் வேர், எந்த வரிகள் தேறும் என்று சலிக்கிறது. கடைசியில்தான் செலக்ட், எந்தப் பத்திகளைக் காட்டுவது என்று முடிவாகிறது. எழுதும் முறை ஆங்கில வாக்கியத்தைப் போல இருக்கிறது, பொருள்கொள்ளும் முறை தமிழ் வாக்கியத்தைப் போல இருக்கிறது. அதனால் இன்றைக்கும் கேள்வியை ஒரு துண்டுத்தாளில் தமிழில் எழுதிவிட்டு, ஃப்ரம் வரியை முதலில் தட்டிவிட்டு, செலக்டைக் கடைசியில் நிரப்புகிறேன். இதைப் படிக்கும் உங்களுக்கு நான் தரக்கூடியவற்றில் இதுதான் பெரிது.

மேலே உள்ள கேள்வியில் 'முதல் வரியிலிருந்து தேடு, அடுத்ததற்குப் போ' என்று எங்கேயாவது இருக்கிறதா பாருங்கள். இல்லை. என்ன வேண்டும் என்று மட்டும் சொல்கிறோம், எப்படித் தேடுவது என்பது டேட்டாபேஸின் பாடு. ஒரு காலத்தில் இப்படி இல்லை. எங்கள் கோடவுனில் வெண்கல உருளி எந்தப் பரணில், எதற்குப் பின்னால் இருக்கிறது என்பது மாமாவுக்கு மட்டும்தான் தெரியும். அவர் ஊரில் இல்லாவிட்டால் உருளியும் இல்லாத மாதிரிதான். பழைய டேட்டாபேஸ்களில் புரோகிராம் எழுதுபவரின் நிலைமை கிட்டத்தட்ட அதுவே. எந்தப் பதிவிலிருந்து எந்தப் பதிவுக்குப் போக வேண்டும் என்ற பாதை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், பரண் மாறினால் புரோகிராமையும் மாற்ற வேண்டும். ஐபிஎம்மில் வேலை பார்த்த எட்கர் காட் 1970இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதை உடைத்தார். எல்லாத் தகவலையும் டேபிள்களாக வையுங்கள், கேட்பவருக்குப் பாதை தெரிய வேண்டியதில்லை என்பது அவர் யோசனை. அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அதற்காக ஒரு மொழியை உருவாக்கி, 1974இல் 'சீக்வல்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். அந்தப் பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகக் குறியாக இருந்ததால் எஸ்க்யூஎல் என்று சுருங்கியது. இன்னமும் பலர் சீக்வல் என்றே சொல்கிறார்கள். 1986இல் அது அமெரிக்காவில் தர நிர்ணயமும் ஆனது. எஸ்க்யூலைட்டில் நீங்கள் கற்கும் செலக்டும் வேரும் ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் போன்ற மற்ற டேட்டாபேஸ்கள் எல்லாவற்றிலும் செல்லும்.

இனி எங்கள் கடையின் உயிர்க்கேள்வி: எது இன்னும் திரும்பி வரவில்லை? சாமான் வராதவரை திரும்பிய_தேதி காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்துக்கு 'நல்' (NULL) என்று பெயர். நான் இப்படி எழுதினேன்:

செலக்ட் *
ஃப்ரம் வாடகை
வேர் திரும்பிய_தேதி = நல்;

ஒரு வரிகூட வரவில்லை. அது ஒரு தை மாதத்துச் சாயங்காலம். எல்லாம் வந்துவிட்டது என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். அவர் என் சொல்லை நம்பி மறுநாளுக்கு 200 நாற்காலி ஒப்புக்கொண்டார். காலையில் வண்டியோடு கோடவுனுக்குப் போனால் 60 நாற்காலிதான் இருந்தது. தெரிந்த கடைகளிலெல்லாம் கேட்டு வாங்கி, முகூர்த்தத்துக்கு முன்னால் கொண்டுபோய் இறக்கினோம். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுத்துப்பிழை இல்லை, எச்சரிக்கையும் வரவில்லை, ஆனால் பதில் தப்பு. எப்படி?

'நல்' என்பது பூஜ்யம் இல்லை, வெற்று எழுத்தும் இல்லை. 'தெரியாது' என்று பொருள். இரண்டு பேருடைய வயது உங்களுக்குத் தெரியாது, இருவருக்கும் ஒரே வயதா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? தெரியாது என்றுதான். டேட்டாபேஸும் அப்படியே. 'தெரியாது'க்கு எதிரே சமக்குறி போட்டால் பதில் ஆமும் இல்லை, இல்லையும் இல்லை, தெரியாது. வேர் என்ற சல்லடை 'ஆம்' என்று வந்த வரியை மட்டும்தான் விடும். அதனால் திரும்பாத 140 நாற்காலியும் கண்ணில் படவில்லை. சரியான வடிவம் இது:

வேர் திரும்பிய_தேதி இஸ் நல்;

இதே குழி இன்னோர் இடத்திலும் இருக்கிறது. கும்பகோணம் தவிர மற்ற ஊர்க்காரர்களைக் கேட்டு 'வேர் ஊர் <> 'கும்பகோணம்'' என்று எழுதினால், ஊர் எழுதாமல் விட்டவர்கள் அந்தப் பட்டியலிலும் வரமாட்டார்கள், கும்பகோணத்துக்காரர் பட்டியலிலும் வரமாட்டார்கள். ஆனால் 'நல்' எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்துவிட்டால் அது நமக்கு உதவியும் செய்யும்:

செலக்ட் கவுண்ட்(*), கவுண்ட்(திரும்பிய_தேதி)
ஃப்ரம் வாடகை
வேர் போன_தேதி = '2024-02-11';

நட்சத்திரம் போட்ட கவுண்ட் எல்லா வரிகளையும் எண்ணும். பத்திப் பெயர் போட்டது, 'நல்' இல்லாதவற்றை மட்டும் எண்ணும். 41, 38 என்று வந்தால், அன்றைக்குப் போனது 41 வரி, வந்து சேர்ந்தது 38. மாமா நோட்டில் விரல் வைத்து எண்ணிய கணக்கு இதுதான்.

(100 நாற்காலி போய் 97 வந்தால் என்ன செய்வது என்று கடைக்காரர்கள் உடனே கேட்பார்கள். நியாயமான கேள்வி. மேலே சொன்ன டேபிளில் அதற்கு இடமில்லை. திரும்பி வந்ததற்குத் தனியாக நாலாவது டேபிள் வைத்தேன். தொடங்கும்போது மூன்று போதும்.)

யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தால்தானே போன் போட முடியும்? வாடகை டேபிளில் எண்கள்தான் இருக்கின்றன. பெயரையும் செல்பேசியையும் கொண்டுவந்து ஒட்டுவது ஜாயின்.

செலக்ட் வா.பெயர், வா.செல்பேசி, பொ.பெயர், வ.எத்தனை
ஃப்ரம் வாடகை வ
ஜாயின் வாடிக்கையாளர் வா ஆன் வா.எண் = வ.வாடிக்கையாளர்_எண்
ஜாயின் பொருள் பொ ஆன் பொ.எண் = வ.பொருள்_எண்
வேர் வ.திரும்பிய_தேதி இஸ் நல்;

வ, வா, பொ என்பவை டேபிள்களுக்கு நாம் வைத்த சுருக்கப் பெயர்கள். இரண்டு டேபிளிலும் 'பெயர்' என்ற பத்தி இருப்பதால் எந்தப் பெயர் என்று சொல்லியாக வேண்டும். ஆன் என்ற பகுதி, எந்த வரியோடு எந்த வரி பொருந்தும் என்று சொல்கிறது. அதை மறந்தால் எஸ்க்யூலைட் பிழை காட்டாது, ஒவ்வொரு வாடிக்கையாளரையும் ஒவ்வொரு வாடகை வரியோடும் சேர்த்துவிடும். 300 வாடிக்கையாளர், 4,000 வாடகை என்றால் 12 லட்சம் வரி வந்து நிற்கும். எதிர்பாராத அளவுக்குப் பதில் நீண்டால் முதலில் ஆன் வரிகளைப் பாருங்கள்.

குரூப் பை எளிது. நாற்காலி மூன்று வீடுகளுக்கு 100, 150, 50 என்று போயிருக்கிறது. தனித்தனி வரி வேண்டாம், மொத்தம் எத்தனை வெளியே இருக்கிறது என்று மட்டும் வேண்டும்.

செலக்ட் பொருள்_எண், சம்(எத்தனை)
ஃப்ரம் வாடகை
வேர் திரும்பிய_தேதி இஸ் நல்
குரூப் பை பொருள்_எண்;

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி வரும், நாற்காலியின் எண்ணுக்கு எதிரே 300 என்று இருக்கும். நூறுக்கு மேல் வெளியே போனவை மட்டும் போதும் என்றால் கடைசியில் 'ஹேவிங் சம்(எத்தனை) > 100' சேருங்கள். வேர் தனி வரிகளைச் சலிக்கும், ஹேவிங் கூட்டிய பிறகு சலிக்கும்.

இதுவரை எல்லாம் கேள்வி கேட்பது, அதனால் எதுவும் கெடாது. மாற்றி எழுதும்போதுதான் கவனம் வேண்டும். 1187ஆம் வரியின் சாமான் வந்துவிட்டது என்றால்:

அப்டேட் வாடகை
செட் திரும்பிய_தேதி = '2023-09-04'
வேர் எண் = 1187;

கடைசி வரியை விட்டுவிட்டு ஓட்டினால், டேபிள் தொடங்கிய நாளிலிருந்து போன எல்லாச் சாமானும் ஒரே நாளில் திரும்பியதாக ஆகிவிடும். எனக்கு ஒருமுறை ஆகியிருக்கிறது. டிபி பிரவுசரில் 'ரைட் சேஞ்சஸ்' பொத்தானை அழுத்தும்வரை மாற்றம் நிரந்தரமாகாது, 'ரிவர்ட் சேஞ்சஸ்' அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். நான் பழக்கத்தில் முதல் பொத்தானை அழுத்திவிட்டேன். முந்தின நாள் பென் டிரைவில் எடுத்த காப்பிதான் காப்பாற்றியது. அதிலிருந்து என் வழக்கம் இது: முதலில் அதே வேர் வரியோடு ஒரு செலக்ட் ஓட்டிப் பார்ப்பேன். ஒரே வரி வந்தால்தான் மேலே அப்டேட் எழுதுவேன். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் போன்றவற்றில் முதலில் 'பிகின்' என்று தட்டிவிட்டு, மாற்றம் சரியாக இருந்தால் 'கமிட்', தப்பாக இருந்தால் 'ரோல்பேக்' கொடுக்கலாம்.

கடைசியாக ஒன்று, லெஃப்ட் ஜாயின். சாதாரண ஜாயினில் இரண்டு பக்கமும் பொருந்திய வரிகள் மட்டும் வரும். லெஃப்ட் ஜாயினில் இடதுபக்க டேபிளின் எல்லா வரிகளும் வரும், பொருந்தாத இடத்தில் 'நல்' உட்காரும். அப்படியானால் ஒருமுறைகூட வாடகைக்குப் போகாத பொருள் எது என்று கேட்டுவிடலாம்:

செலக்ட் பொ.பெயர், பொ.இருப்பு
ஃப்ரம் பொருள் பொ
லெஃப்ட் ஜாயின் வாடகை வ ஆன் வ.பொருள்_எண் = பொ.எண்
வேர் வ.எண் இஸ் நல்;

எங்கள் கடையில் இதை ஓட்டியபோது ஒரே ஒரு வரி வந்தது: பெட்ரோமாக்ஸ் விளக்கு, 12. பழைய இரும்புக்கு எடைக்குப் போட்டுவிடலாமா என்று மாமாவிடம் கேட்டேன். அவர் பரணில் ஏறி ஒரு விளக்கை எடுத்துவந்து துடைத்தார். ஜெனரேட்டர் வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்துக்கெல்லாம் இதுதான் போகும், பன்னிரண்டும் ஒரே இரவில் வெளியே இருந்த நாள் உண்டு என்றார். என் வாடகை டேபிள் 2019 சித்திரையில்தான் தொடங்குகிறது. விளக்குகளைப் பொருள் டேபிளிலிருந்து நீக்கவில்லை, நாள்_வாடகைப் பத்தியை மட்டும் 'நல்' ஆக்கி வைத்திருக்கிறேன்.